நாடியில் முளைக்கும் முடிக்கு ஊசிக் கரண்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எலெக்ட்ரோலிசிஸ், அதாவது மெல்லிய ஊசியால் கரண்ட் விட்டு முடியின் வேரை அழித்து, முகத்து முடியை நிரந்தரமாக எடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொன்னேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி "அக்கா, என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்றுதான் முடிந்திருந்தன. பெயர் போடவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், முகத்தில் முடி வளர்வது யாருடைய குற்றமும் இல்லை, ஒளிந்து வாழ வேண்டிய விஷயமும் இல்லை.

நிலாவெளி, 24 வயது: அடுத்த மாதம் கல்யாணம். மேலுதட்டு முடியை ஒரே தடவையில் எலெக்ட்ரோலிசிஸ் செய்து முடிக்கலாமா?

முடியாது தங்கச்சி. முடி வளரும், பிறகு ஓய்வெடுக்கும், பிறகு உதிரும், அந்த இடத்தில் இன்னொன்று வரும். இன்றைக்கு உங்கள் உதட்டுக்கு மேல் தெரிகிற முடி மொத்த முடியில் ஒரு பங்குதான், மற்றது தோலுக்கு அடியில் தூங்குகிறது. வளரும் பருவத்தில் இருக்கும் முடியில்தான் கரண்ட் வேரை நன்றாக அழிக்கும். அதனால் ஒரு கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒரு தடவை பதினைந்து இருபது நிமிஷம் என்று போய், பலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். கல்யாணத்துக்கு நூல் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இரண்டு மூன்று நாள் முன்னதாக. புதிதாக எதையும் கல்யாணத்துக்கு முதல் கிழமை முகத்தில் செய்து பார்க்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாகத் தொடங்குங்கள்.

தொடங்கிய பிறகு நூல், வேக்ஸ், சாமணம் மூன்றையும் அடியோடு நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கினால் ஊசி போவதற்கு முடி இருக்காது, அது திரும்பி வரப் பல கிழமை ஆகும், அவ்வளவு நாளும் வீண். இடையில் கூச்சமாக இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டலாம், ரேசரும் போடலாம். ரேசர் போட்டால் தடிப்பாக வளரும் என்பது பொய். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கைக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

உப்புவெளி, 52 வயது: லேசருக்கு ஆறு தடவை காசு கட்டினேன். நாடியில் உள்ள வெள்ளை முடி அப்படியே இருக்கிறது.

லேசர் முடியின் கறுப்பு நிறத்தைத் தேடித்தான் சுடும். வெள்ளை முடியில் அந்த நிறம் இல்லை, அறுபது தடவை செய்தாலும் போகாது அம்மா. இதை முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் காசு வாங்கியது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஊசிக்கு நிறம் தேவையில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் 'நிரந்தர அகற்றல்' என்ற சொல்லை எலெக்ட்ரோலிசிஸுக்குத்தான் கொடுக்கிறது, லேசருக்கு 'நிரந்தரக் குறைப்பு' மட்டும்தான்.

தம்பலகாமம், ஒரு அம்மா: மகளுக்கு 17 வயது. நாடியிலும் கழுத்திலும் கறுத்த முடி. மாதம் ஒழுங்காக வருவதில்லை. ஊசிக்குக் கூட்டி வரட்டா?

முதலில் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். மாதவிடாய் பிந்துவதும் நாடியில் முடி வருவதும் சேர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக, அதாவது பிசிஓஎஸ் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இரத்தப் பரிசோதனை, ஸ்கான் இரண்டும் பார்த்து அவர்கள் சொல்வார்கள். சில மாதத்துக்குள் திடீரென்று முடி கூடுகிறது, குரலும் தடிக்கிறது என்றால் ஒரு கிழமைகூடப் பிந்தக் கூடாது.

ஊசி என்பது அந்தந்த முடியின் வேரை அழிப்பது. உள்ளே ஹோர்மோன் தூண்டிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் இருக்கும் பூனைமுடி தடித்துப் புதிதாக வரும், அப்போது 'ஊசி வேலை செய்யவில்லை' என்று பிள்ளை மனம் உடைந்துவிடும். மருந்து ஒரு பக்கம் நடக்க, ஊசியும் நடந்தால்தான் பலன் நிற்கும். அப்புறம், தயவுசெய்து வீட்டில் யாரும் அவளைக் கேலி செய்ய விடாதீர்கள். நான் அவள் வயதில் கதவைப் பூட்டிக்கொண்டு சாமணத்தால் பிடுங்கிப் பிடுங்கி, நாடி முழுக்கக் கறுத்த புள்ளிகளோடு வருஷக்கணக்கில் குனிந்து நடந்தவள்.

சாம்பல்தீவு: கரண்ட் என்றாலே பயம். உள்ளே என்னதான் நடக்கிறது? வலிக்குமா?

1875 இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் மிஷெல் என்ற கண் டொக்டர், கண்ணுக்குள் குத்தி வளரும் இமைமுடியை எடுக்கத்தான் இதை முதலில் செய்தார். கண்ணோரத்தில் செய்த வேலை என்றால் எவ்வளவு சின்னக் கரண்ட் என்று பாருங்கள். தலைமுடி போல மெல்லிய ஊசி தோலைக் குத்துவதில்லை, முடி வெளியே வரும் துவாரம் வழியாகவே இறங்கும். கால்வானிக் முறையில், உள்ளே இருக்கும் உப்பும் தண்ணீரும் கரண்டால் காஸ்டிக் சோடாவாக மாறி வேரைக் கரைக்கும், சவர்க்காரம் செய்யப் போடுவார்களே அதேதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. இன்னொரு முறை சூட்டால் அழிப்பது, அது வேகமானது. மூன்றாவது இரண்டையும் கலப்பது.

வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுள். மேலுதட்டில் கண்ணீர் வரும். மரக்கச் செய்யும் லிடோகெயின் களிம்பை ஒரு மணித்தியாலம் முன்பே பூசலாம், டொக்டரிடமோ பாமசியிலோ கேட்டு.

நல்ல கை எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஊசி வேலை செய்தபின் முடி தானாக வழுக்கி வர வேண்டும். சுண்டி இழுபட்டால் அது பிடுங்கல்தான், வேர் சாகவில்லை. ஊசி மூடிய பக்கெற்றில் இருந்து உங்கள் கண் முன்னால் திறக்கப்பட வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

மூதூர்: மச்சத்தில் மூன்று முடி.

டொக்டர் மச்சத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஊசி. அதுவரை வெட்டிவிடுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம்: நான் திருநங்கை. ஹோர்மோன் மாத்திரை எடுக்கிறேன், தாடி போகவில்லை.

முளைத்துவிட்ட தாடியை மாத்திரை போக்காது தங்கச்சி, அது உங்கள் உடம்பின் பிழை இல்லை. கறுத்த அடர்த்தியை முதலில் லேசரில் குறைத்து, நம் தோல் நிறத்துக்கு என்டி யாக் என்ற வகை பாதுகாப்பானது, மிச்சத்தையும் வெள்ளையையும் ஊசியில் எடுப்பது பலருக்குச் சரிவருகிறது. இரண்டு வருஷம் தாண்டலாம். ஊசிக்குப் போகும்போது சவரம் செய்து இரண்டு மூன்று நாள் வளரவிட்டுப் போக வேண்டியிருக்கும், அந்த நாட்கள் வெளியே போகக் கஷ்டம் என்று தெரியும், லீவு நாளாகப் பார்த்து நேரம் கேளுங்கள். மரியாதையாக நடத்தாத இடத்துக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள்.

மனையாவெளி: செய்த பிறகு என்ன பூசுவது? கடலில் குளிக்கலாமா?

இரண்டு நாள் கடலும் வேண்டாம், கன்னியா வெந்நீர்க் கிணறும் வேண்டாம். சிவப்பு சில மணித்தியாலத்தில் அடங்கும். சின்னப் பொருக்கு வந்தால் தானாக விழட்டும், கிள்ளினால் தழும்பு. எலுமிச்சம்பழம் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும், வேண்டவே வேண்டாம். நம் வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30 க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் ஒரு குடையும் போதும். காயம் தடித்துத் தழும்பாகும் தோல் உள்ளவர்களும், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் டொக்டரைக் கேட்காமல் ஊசிப் பக்கமே போகக் கூடாது.