கேள்வி – பதில்: முதல் சுற்றோடு கணக்கை நிறுத்தாதீர்கள்

கேள்வி: நான் பொறியியல் இறுதியாண்டு மாணவி. எங்கள் மின்சார கோ-கார்ட்டில் மூன்று கன்ட்ரோலர்கள் ஒரே கேன் பஸ்ஸில் (வண்டியின் கருவிகள் செய்தி பரிமாறும் பொதுக் கம்பி), விநாடிக்கு 125 கிலோபிட் வேகத்தில் பேசுகின்றன. பிரேக் செய்தி 2.5 மில்லி விநாடிக்கு ஒருமுறை; ஸ்டீயரிங், மோட்டார் செய்திகள் 3.5-க்கு ஒருமுறை. முன்னுரிமையும் இதே வரிசைதான். எல்லாம் 7 பைட் செய்திகள். மோட்டார் செய்திக்குக் கெடு 3.25 மில்லி விநாடி. மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் அது 3-ல் போய்ச் சேர்ந்துவிடும் என்கிறது எங்கள் கணக்கு. சிமுலேஷனில் 3.5 வருகிறது! வேகமான சிப் போட்டால் சரியாகுமா?
– வாசகி, கோவை

பதில்: சிமுலேஷன் சரி, கணக்குதான் பாதியில் நிற்கிறது. ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு என்னோடு வாருங்கள்.

7 பைட் செய்தி, அதன் தலைப்பு, சரிபார்ப்புப் பிட்டுகளையும் இடையில் செருகப்படும் பிட்டுகளையும் சேர்த்தால் அதிகபட்சம் 125 பிட். அதாவது உங்கள் கம்பியில் சரியாக 1 மில்லி விநாடி. 0-வில் மூன்றும் கிளம்புகின்றன. 0 முதல் 1 வரை பிரேக், 2 வரை ஸ்டீயரிங், 3 வரை மோட்டார். இங்கேதான் நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள்.

ஆனால் 2.5-லேயே அடுத்த பிரேக் செய்தி வந்து நிற்கிறது. கம்பியில் ஏறிவிட்ட செய்தியை எவ்வளவு பெரிய முன்னுரிமையாலும் இறக்க முடியாது. ஆகவே பிரேக் 3 வரை காத்திருந்து 4-ல் முடிகிறது. 3.5-ல் ஸ்டீயரிங்கும் மோட்டாரும் மறுபடி வருகின்றன. ஸ்டீயரிங் 5-ல் முடிகிறது. சரியாக 5-ல் மூன்றாவது பிரேக் செய்தி! அது 6 வரை. மோட்டாருக்கு இடம் கிடைப்பது அதற்கப்புறம்தான், முடிவது 7-ல். 3.5-ல் கிளம்பியது 7-ல் சேர்ந்தால் தாமதம் 3.5. மோட்டாரின் முதல் செய்தி பிரேக்கை அரை மில்லி விநாடி தள்ளிவைத்தது, அந்தச் சுமை அதன் இரண்டாவது செய்தியின் தலையில் விழுந்தது. நெரிசல் முழுதும் தீரும் வரை ஒவ்வொரு சுற்றையும் பார்த்தாக வேண்டும்.

இதற்காக மனம் தளர வேண்டாம். கேன் செய்திகளின் தாமதத்தைக் கணக்கிடும் முறையை 1994-ல் யார்க் பல்கலைக்கழகத்தின் கென் டிண்டெல், ஆலன் பர்ன்ஸ் முதலானோர் வெளியிட்டார்கள். அதிலும் இதே ஓட்டை இருந்தது. 2007-ல் ராபர்ட் டேவிஸ் முதலான நால்வர் அதைக் காட்டித் திருத்தினார்கள். அந்த நால்வரில் பர்ன்ஸும் ஒருவர். தன் கணக்கைத் தானே திருத்த முன்வந்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் சாவி திருப்பியதும் வரும் முதல் செய்தியை மட்டும் அளந்து ‘பாஸ்’ போட்டுக்கொண்டிருந்தோம். சோதனை பெஞ்சில் இரண்டு வாரம் தொலைந்தது.

வேகமான சிப் உதவாது. நேரம் போவது கம்பியில். உங்கள் பஸ் 97 சதவீதம் நிரம்பியிருக்கிறது. 250 கிலோபிட்டுக்கு மாறுங்கள், செய்தி ஒவ்வொன்றும் அரை மில்லி விநாடியாகிவிடும். சரிபார்க்க ஒரு முரட்டுக் கணக்கு உண்டு: கடைசி முன்னுரிமை உட்பட எந்தச் செய்தியாக இருந்தாலும், தனக்கு முன்னால் ஒரு முழுச் செய்தி கம்பியை அடைத்துக்கொண்டிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டாலும் மோட்டாருக்கு 2 மில்லி விநாடிதான் வருகிறது. கெடு தாண்டாது.

கோ-கார்ட்டின் சில மீட்டர் கம்பிக்கு 250 ஒரு பிரச்சினையே இல்லை. மூன்று கன்ட்ரோலர்களிலும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று பழைய வேகத்திலேயே நின்றால் பஸ் முழுக்கப் பிழைச் செய்திகளாகத்தான் ஓடும்.