மஞ்சக்குப்பம் வீட்டு வாடகையும் பாரிஸ் வரிக் கடிதமும்

தம்பி, செப்டம்பரில் பாரிஸ் வந்தேன், சம்பளத்திலேயே வரி பிடிக்கிறார்கள், கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன், நான் தனியா ஏதும் செய்யணுமா, நம்ம ஆளுங்க இருக்கிற பக்கம் வீடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு கிடைக்கும், பாரிஸை ஒட்டிய லா கூர்நெவ், சார்செல் பக்கம் விசாரியுங்கள். வரிப் பேச்சு எடுத்தால்தான் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

சம்பளத்தில் பிடிப்பது 2019-இல் வந்த ஏற்பாடு. பிடித்தாலும் ஏப்ரல், மே வாக்கில் வருமானக் கணக்கைக் காட்டும் டிக்ளரேஷன் போட்டே ஆகணும். வரி எண் இன்னும் வரவில்லையென்றால் முதல் தடவை 2042 என்கிற டிக்ளரேஷன் படிவத்தைக் காகிதத்தில் கொடுங்கள். ஊர் வாடகையை, வெளிநாட்டு வருமானத்துக்கான 2047 படிவத்தில் காட்டுங்கள். இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் 1992-இல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, ஒரே வாடகைக்கு இரண்டு தடவை அழ வேண்டாம். ஆனால் இரண்டு இடத்திலும் காட்டணும். நீங்கள் என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் குடித்தனக்காரர் வாடகையில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டியவர். அவருக்குத் தெரிந்திருக்காது, நீங்கதான் சொல்லணும். இந்தியாவில் ரிட்டர்ன் போட்டால், கட்டிய வீட்டு வரியும் மிச்சத்தில் 30 சதவீதமும் கழிந்து, கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும்.

நான் அடிபட்டது இதிலெல்லாம் இல்லை, 3916 என்கிற படிவத்தில். ஊரில் இருக்கிற ஒவ்வொரு பாங்க் கணக்கையும் அந்தப் படிவத்தில் எழுதணும். காசே இல்லாத கணக்கானாலும் சரி, அம்மாவோடு சேர்ந்த கணக்கானாலும் சரி. விட்டால் கணக்கு ஒன்றுக்கு, வருடம் ஒன்றுக்கு 1500 யூரோ. பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் எனக்கு ஒன்று, அம்மாவோடு ஒன்று. வட்டி முந்நூறு ரூபாய் வந்திருந்தால் பெரிது. "வரி ஆபீஸ்காரனுக்கு எப்படிடா தெரியும்" என்று லா ஷப்பெல் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். இரண்டு நாடும் 2017-லிருந்து கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்தப் பெரியவர் இன்னும் அதே கடையில் அதே யோசனையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊரில் இருக்கிற சேவிங்ஸ் கணக்கையும் என்.ஆர்.ஓ. (என்.ஆர்.ஐ.க்கான கணக்கு) ஆக மாற்றிவிடுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு, பாண்டிச்சேரியில் பிறந்ததாலேயே பிரெஞ்சு தெரியும் என்று. எனக்குத் தெரிந்தது துய்மா வீதிப் பலகை அளவுக்குத்தான். லா கூர்நெவில் நாலு பேர் ஒரு அறை, ராத்திரி ஓட்டலில் பாத்திரம். வந்த கடிதத்தையெல்லாம் படிக்கத் தெரியாமல் பிஸ்கெட் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன். வரி ஆபீஸ் கவுண்டரில் அந்த டப்பாவை அப்படியே நீட்டினேன். அந்த அம்மா ஒவ்வொரு உறையாகக் கத்தரிக்கோலால் வெட்டித் தேதிவாரியாக அடுக்கித் தந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மே கடைசியில் எங்கள் பில்டிங்கில் ஏழெட்டுப் பேருக்கு நான்தான் நிரப்பித் தருகிறேன், எல்லாரும் கடைசி ராத்திரிதான் வருவார்கள். டப்பா சமையலறையில் இருக்கிறது, வீட்டுக்காரி அதில் இப்போது வடகம் போட்டு வைத்திருக்கிறாள்.