குண்டு பல்பின் மின்தடை கணக்கில் ஒன்று, மீட்டரில் வேறொன்று: ஏன்?

230 வோல்ட், 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் சுமார் 880 ஓம் வருகிறது. மல்டிமீட்டரோ 65 ஓம்தான் காட்டுகிறது, மீட்டர் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டரும் சரி, கணக்கும் சரி. நீங்கள் அளந்தபோது பல்பு குளிர்ந்து கிடந்தது, அவ்வளவுதான்.

உலோகக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகரும்போது, ஓயாமல் அதிரும் அணுக்கள் அவற்றைத் திசைமாற்றிவிடுகின்றன. இந்தத் தடங்கல்தான் மின்தடை. கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும். சூடேறினால் அணுக்களின் ஆட்டம் அதிகமாகி, தடையும் ஏறும். எரியும் டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை ஏறக்குறைய 2500 டிகிரி செல்சியஸ்; தடை பத்து மடங்குக்கு மேல் உயர்வதில் வியப்பில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 230-ஐ 65-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுவிட்சைப் போட்ட கணத்தில் மூன்றரை ஆம்பியர் பாய்கிறது! இழை பழுத்தபின் கால் ஆம்பியர்தான். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ‘பட்’டென்று போவது இதனால்தான்.

அப்படியானால், மின்னழுத்தம் கூடும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடும், தடை மாறாது என்கிற ஓம் விதி பொய்யா? இல்லை. ‘வெப்பநிலை மாறாதிருந்தால்’ என்ற நிபந்தனை அதிலேயே இருக்கிறது. படிக்கும்போது நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இன்னொன்று, தடையை அளக்கும்போது பல்பைக் கழற்றிவைத்தே அளங்கள்.