போலார்ட் வழக்கு: விசாரிக்க வந்த அமெரிக்காவிடம் இஸ்ரேல் சொன்னதும் சொல்லாததும்

அமெரிக்கக் கடற்படை உளவுப்பிரிவின் ஆய்வாளர் ஜோனதன் போலார்ட் இஸ்ரேலுக்கு ரகசியங்களை விற்றுப் பிடிபட்டது 1985இல். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: பிடிபட்டவுடன் இஸ்ரேல் அரசு என்ன சொன்னது?

பதில்: நவம்பர் 21 அன்று போலார்ட் மனைவியுடன் வாஷிங்டனில் உள்ள இஸ்ரேலியத் தூதரக வளாகத்துக்குள் காரோடு நுழைந்தார். வெளியே அனுப்பிவிட்டார்கள், வாசலிலேயே கைதானார். ‘மேலிடத்துக்குத் தெரியாமல் யாரோ செய்துவிட்டார்கள்’ என்பதுதான் அரசின் நிலை. பத்து நாள் கழித்துப் பிரதமர் ஷிமோன் பெரெஸ் மன்னிப்புக் கேட்டார். போலார்டை இயக்கிய லகாம் என்ற இஸ்ரேலிய உளவுப்பிரிவு கலைக்கப்பட்டது.

கேள்வி: அமெரிக்க அதிகாரிகள் இஸ்ரேலுக்கே போய் விசாரித்தார்களாமே?

பதில்: ஆமாம். வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஆபிரகாம் சோஃபேர் தலைமையில் டிசம்பரில் ஒரு குழு போனது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. உண்மையைச் சொல்பவர்கள் மீது வழக்கு வராது என்று அமெரிக்கா வாக்குக் கொடுத்தது. லகாம் தலைவர் ரஃபி ஈத்தானும், அமெரிக்காவிலிருந்து அவசரமாக ஊர் திரும்பியிருந்த அவருடைய ஆட்களும் பேசினார்கள். ஆவணங்களும் கொஞ்சம் திரும்பி வந்தன. ஆனால் போலார்டை முதன்முதலில் இயக்கிய விமானப்படை கர்னல் அவியம் செல்லாவின் பெயரை மட்டும் யாரும் உச்சரிக்கவில்லை. அப்புறம் போலார்டே சொல்லித்தான் அமெரிக்காவுக்குத் தெரிந்தது. மறைத்ததன் விளைவைப் பாருங்கள்: பேசியவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு செல்லாவுக்குக் கிடைக்கவில்லை. 1987 மார்ச்சில் அவர்மீது அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை வந்தது. ஒத்துழைக்க மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கசப்பு வந்திருக்காது என்பேன்.

கேள்வி: செல்லாவுக்கு இஸ்ரேலில் என்ன தண்டனை?

பதில்: தண்டனையா? பதவி உயர்வு கொடுத்து, டெல் நோஃப் விமானப்படைத் தளத்துக்குத் தளபதி ஆக்கினார்கள்! அமெரிக்காவின் கோபம் தாங்காமல் சில வாரங்களில் அவரே விலகினார். 2021இல் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஈத்தானுக்கும் அரசின் ரசாயன நிறுவனத் தலைவர் பதவி கிடைத்தது.

கேள்வி: இஸ்ரேல் தானாக விசாரிக்கவே இல்லையா?

பதில்: 1987இல் இரண்டு குழுக்கள் விசாரித்தன. ஒன்று அரசு நியமித்தது, இன்னொன்று அபா எபன் தலைமையிலான நாடாளுமன்றக் குழு. எந்த அமைச்சரும் பதவி இழக்கவில்லை. போலார்ட் தங்கள் உளவாளிதான் என்று அரசு அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள 1998 ஆயிற்று. அவர் 30 ஆண்டு சிறையில் இருந்து 2015இல் வெளியே வந்தார்.

கேள்வி: இப்போதும் நட்பு நாடுகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றனவா?

பதில்: இப்போது பதிலே தராமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்பெயின் பிரதமர் சான்செஸின் கைபேசியில் பெகாசஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் உளவு மென்பொருள் புகுந்தது பற்றி அந்நாட்டு நீதிபதி இஸ்ரேலிடம் முறைப்படி தகவல் கேட்டார். எந்த ஒத்துழைப்பும் இல்லை என்று 2023 ஜூலையில் வழக்கை மூடினார். அடுத்த ஆண்டு பிரான்ஸ் தன்னிடமிருந்த தகவல்களைக் கொடுத்த பிறகுதான் அது மறுபடி திறக்கப்பட்டது.