அல்பேனியாவுல சபையை வளர்த்தது யாரு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

மதர் தெரசாவோட அம்மா பத்தி நீங்க எழுதுனதை வீட்டுல எல்லாருமே படிச்சோம். அதுல அல்பேனியா பத்தி ஒரே ஒரு பாராதான் வருது, அதனாலதான் இந்த கடிதம். போன மாசம் எங்க சபைக்கு வந்த பிரசங்கியார் ஒருத்தர், கம்யூனிசம் விழுந்ததும் மிஷனரிகள் அல்பேனியாவுக்குள்ள போனாங்க, கொஞ்ச நாள்லயே நாடே மாறிடுச்சு, பெரிய எழுப்புதல் நடந்துச்சுன்னு சொன்னார். அதை என்கூட வேலை பாக்கற ஃப்ரெண்டுகிட்ட சொன்னா சிரிக்கறான். "பசியில கெடந்தவங்களுக்கு மாவு மூட்டை குடுத்து மதம் மாத்துனாங்க, இப்ப சென்சஸ் எடுத்து பாரு, அங்க கிறிஸ்தவங்க ஒண்ணும் பெருகலை"ங்கறான். எதுக்கா உண்மை? இன்னொரு விஷயம், எங்க சபையில இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு டீம் அங்க போகலாம்னு பேச்சு ஓடுது, என்னையும் கூப்பிடறாங்க. போகலாமா?

ஜெ., நாகர்கோவில்

அன்புள்ள ஜெ. தம்பிக்கு,

பிரசங்கியார் சொன்னதுலயும் உங்க ஃப்ரெண்டு சொன்னதுலயும் ஒரே தப்புதான் இருக்கு. வெளிநாட்டுக்காரன் விமானத்துல வந்து எறங்குற எடத்துல இருந்து ரெண்டு பேருமே கதையை ஆரம்பிக்கறாங்க. ஒருத்தர் அவனை ஹீரோ ஆக்கறார், இன்னொருத்தர் வில்லன் ஆக்கறார். அல்பேனியாக்காரங்க ரெண்டு கதையிலயும் வாயே தொறக்கறதில்லை. எனக்கு அதுதான் மனசுக்கு ஆறவே மாட்டேங்குது, ஏன்னா அந்த நாட்டுல விசுவாசத்தை காப்பாத்தி வச்சிருந்தவங்க குடுத்த விலை கொஞ்ச நஞ்சமில்லை.

1967-ல அந்த நாட்டோட கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா உலகத்துலயே முதல் நாத்திக நாடுன்னு அல்பேனியாவை அறிவிச்சார். மசூதி, சர்ச், மடம், தெக்கேன்னு சொல்ற பெக்தாஷி சூஃபி மடம் எல்லாம் சேத்து 2,169 கட்டடத்தை மூடுனாங்க. நெறைய இடிச்சாங்க, மிச்சத்தை கோடவுன், சினிமா தியேட்டர்னு மாத்துனாங்க. வடக்குல ஷ்கோட்ராங்கற ஊர்ல இருந்த பெரிய கத்தோலிக்க கதீட்ரல் விளையாட்டு அரங்கம் ஆச்சு. ஐரோப்பாவுல மத்த கம்யூனிஸ்ட் நாடுகள்ல சர்ச்சை கண்காணிச்சாங்க, நெருக்குனாங்க, பாதிரியார்களை ஜெயில்ல போட்டாங்க, ஆனா எங்கயோ ஒரு மூலையில ஒரு சர்ச்சாவது தொறந்து இருந்துச்சு. இங்க அதுவும் கிடையாது. 1976 அரசியல் சட்டத்துல 37-வது பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, நாத்திக பிரசாரத்தை ஆதரிக்கும்னு பச்சையாவே எழுதி வச்சுது. அதுக்கு முந்தின வருஷம் வந்த ஆணைப்படி பிள்ளைக்கு பைபிள் பேரு, சாமி பேரு வைக்கவும் தடை.

ஷ்டியெஃபன் குர்தின்னு ஒரு ஃபாதர். சிறை முகாம்ல இருந்தப்ப ஒரு தாய் கேட்டுக்கிட்டான்னு அவ குழந்தைக்கு ரகசியமா ஞானஸ்நானம் குடுத்தார். விஷயம் தெரிஞ்சுபோச்சு. 1971-ல அவரை சுட்டுக் கொன்னாங்க. எழுபது வயசு தாண்டின மனுஷன், செஞ்ச குத்தம் ஒரு பச்சைக் குழந்தை தலையில தண்ணி ஊத்துனது.

இன்னொருத்தர் எர்னஸ்ட் சிமோனி. 1963 கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை முடிச்ச கையோட பிடிச்சுட்டு போனாங்க. மரண தண்டனை குடுத்து, அப்பறம் அதை குறைச்சு, 18 வருஷம் ஜெயில், சுரங்கத்துல வேலை. செல்லுல கூட இருந்த ஆளையே அவரை வேவு பாக்க வச்சாங்க, அரசாங்கத்தை திட்டுவார், அதை வச்சு கேஸை இறுக்கலாம்னு. அவர் திட்டவே இல்லை, இயேசு பகைவரையும் நேசிக்க சொல்லியிருக்கார்னு சொன்னாராம். உள்ள இருந்த வருஷமெல்லாம் லத்தீன் பூசையை மனப்பாடமா சொல்லி நிறைவேத்தினார், புத்தகம் ஏது, பாத்திரம் ஏது. திராட்சையை கையால பிழிஞ்ச சாறுதான் இரசம், அப்பத்தை ரகசியமா சுட்டுக்கிட்டார். வெளிய வந்த பிறகும் விடலை, ஷ்கோட்ராவுல சாக்கடை வேலைக்கு போட்டாங்க, 1990 வரைக்கும் அதேதான். 2014 செப்டம்பர்ல போப் ஃபிரான்சிஸ் தலைநகர் டிரானா போனப்ப இவர் எழுந்து நின்னு தன் கதையை சொன்னார், போப் கண்ணு கலங்கி அவரை கட்டிப் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு அவரை கார்டினல் ஆக்குனாங்க, அதுவரைக்கும் பிஷப்பாகூட இருந்ததில்லை அவர்.

இவ்ளோ நீளமா ஏன் சொல்றேன்னா, 1990 நவம்பர் 4-ஆம் தேதி ஷ்கோட்ரா கல்லறைத் தோட்டத்துல வெட்டவெளிச்சமா முதல் பூசை வச்சது எந்த மிஷனரியும் இல்லை தம்பி. ஃபாதர் சிமோன் யூபானி, 26 வருஷம் ஜெயில்ல இருந்துட்டு முந்தின வருஷம்தான் வெளிய வந்தவர். அப்ப கம்யூனிஸ்ட் அரசு விழலை, போலீஸ் இருக்கு, சிகுரிமின்னு சொல்ற ரகசிய போலீஸும் இருக்கு. சுடுவாங்களான்னு தெரியாமதான் ஜனங்க வந்தாங்க, அடுத்த வாரம் ஆயிரக்கணக்குல வந்தாங்க, முஸ்லிம்களும் கூட வந்து நின்னாங்க. ரெண்டு வாரத்துக்குள்ளயே, நவம்பர் 16, அதே ஊர்ல ஈய மசூதியில ஹாஃபிஸ் சப்ரி கோச்சிங்கற முஸ்லிம் மதகுரு வெள்ளிக்கிழமை தொழுகை நடத்துனார். அவரும் இருபது வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்தவர். எழுப்புதல்னு ஒண்ணு அங்க நடந்துச்சுன்னா அது இதுதான், இதுல ஒரு டாலர்கூட கிடையாது. உங்க ஃப்ரெண்டுகிட்ட இந்த தேதியை கண்டிப்பா சொல்லுங்க.

அதுக்கப்பறம்தான் வெளிய இருந்து ஆட்கள் வந்தாங்க. அவங்களை எல்லாம் ஒரே கூடையில போட்டு பேச முடியாது.

மதர் தெரசா பத்தி உங்களுக்கு தெரியும். அவங்க அம்மாவும் அக்காவும் டிரானாவுலதான் இருந்தாங்க, அம்மா 1972-ல இறந்துட்டாங்க, அக்கா அடுத்த வருஷம். ஒரு தடவை பாக்க விடுங்கன்னு எவ்வளவோ கேட்டும் அரசாங்கம் விடலை, 1989-ல உள்ள விட்டப்ப பாக்கறதுக்கு கல்லறைதான் இருந்துச்சு. ரெண்டே வருஷத்துல அந்த ஊர்லயே தன் சிஸ்டர்ஸுக்கு ஒரு வீடு தொறந்தாங்க. அவங்களை வெளிநாட்டு மிஷனரின்னு எப்படி சொல்றது, பேசுற பாஷையே அல்பேனியந்தானே.

எனக்கு ரொம்ப முக்கியமா படறவர் ஆர்த்தடாக்ஸ் சபை பேராயர் அனஸ்தாசியோஸ். கிரேக்கர், ஏதென்ஸ் யுனிவர்சிட்டியில பேராசிரியர், அல்பேனியாவுக்கு வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் கிழக்கு ஆப்பிரிக்காவுல ஊழியம் பாத்தவர். 1991 ஜூலைல டிரானாவுல வந்து எறங்கறப்ப வயசு அறுபத்தி ரெண்டு கிட்ட. கம்யூனிசத்துக்கு முன்னாடி 440 ஆர்த்தடாக்ஸ் குருமார்கள் இருந்த நாட்டுல அப்ப உயிரோட மிச்சம் இருந்தது வயசான 22 பேர்தான். கட்டடம் கட்டறதை விட இந்த 22-ங்கற நம்பர்தான் பெரிய பிரச்சனைன்னு அவருக்கு உடனே புரிஞ்சுருச்சு. 1992-லயே துர்ரஸ்ல ஒரு பழைய ஓட்டல்ல பசங்களை சேத்து இறையியல் வகுப்பு ஆரம்பிச்சுட்டார், பின்னாடி அது பக்கத்துலயே ஷேன் விளாஷ்ல குருமார்களை பயிற்றுவிக்கற முழு செமினரியா வளந்துச்சு. கோவில்களும் கட்டினார், நூத்துக்கும் மேல புதுசு, பழசை புதுப்பிச்சது தனி. கூடவே ஸ்கூல், கிளினிக், ரேடியோ.

ஆனா அவரை ஊரு சும்மா விடலை. கிரீஸ்காரன் வந்து நம்ம தெற்கு பகுதியை மெல்ல கிரேக்கமாக்க பாக்கறான்னு பேச்சு, பத்திரிகைல தினமும் திட்டு. அந்த சந்தேகத்துக்கு வரலாற்றுல காரணம் இல்லாம இல்லை, அல்பேனியாக்காரங்க தங்க பாஷையில வழிபடறதுக்கே ஒரு தலைமுறை போராடியிருக்காங்க, 1908-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஃபான் நோலிங்கற அல்பேனிய பாதிரியார் முதன்முதலா அல்பேனிய மொழியில ஆராதனை நடத்துனதே அந்த போராட்டத்துலதான். 1994-ல வந்த புது அரசியல் சட்ட வரைவுல பெரிய மதங்களோட தலைவர்கள் அல்பேனியாவுலயே பிறந்த குடிமக்களா இருக்கணும்னு ஒரு விதி சேத்தாங்க, யாரை குறி வச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். வாக்கெடுப்புல அந்த வரைவே தோத்துச்சு. அவர் அதுக்காக ஊரை விட்டு போகவும் இல்லை, சண்டைக்கு நிக்கவும் இல்லை. பாஷை கத்துக்கிட்டு இருந்தார். குடியுரிமை குடுத்தது 2017-ல, இருபத்தாறு வருஷம் கழிச்சு! 2025 ஜனவரியில இறந்தார். அவர் எடத்துக்கு மார்ச்ல வந்தது ஜோன் பெலுஷி, பெக்தாஷி முஸ்லிம் குடும்பத்துல பிறந்து, தடை இருந்த காலத்துலயே ரகசியமா ஞானஸ்நானம் வாங்குன அல்பேனியர். இந்த மாற்றத்துல எந்த குழப்பமும் வரலை. சபை வளர்ச்சின்னா எனக்கு இதுதான் அளவு.

உங்க பிரசங்கியார் மனசுல வச்சு பேசுன பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் மாதிரி சுவிசேஷ சபைகள் விஷயத்துக்கு வரேன். அதுவும் 1991-ல ஆரம்பிச்சது இல்லை. கெராசிம் கிரியாஸின்னு ஒரு அல்பேனிய ஊழியர் 1891-லயே கோர்ச்சா ஊர்ல பொண்ணுங்களுக்கு அல்பேனிய மொழியில ஒரு ஸ்கூல் தொறந்தார், அந்த நாட்டு கல்வி வரலாற்றுலயே அதுக்கு தனி எடம் இருக்கு. ஆனா எண்ணிக்கையில அவங்க கைப்பிடி அளவுதான். 1991 கோடைல இருந்து பல நாட்டு டீம்கள் வந்து குமிஞ்சாங்க, மைதானத்துல கூட்டம், புதிய ஏற்பாடு விநியோகம், சினிமா. பாதி நூற்றாண்டு பூட்டி கெடந்த நாட்டுல வெளிநாட்டுக்காரன் முகத்தை பாக்கறதுக்கே கூட்டம் வரும், இயேசுவை ஏத்துக்கறவங்க கை தூக்குங்கன்னு சொன்னா தூக்குவாங்க. அந்த தூக்குன கையை எண்ணி ஊருக்கு ரிப்போர்ட் எழுதுனவங்க உண்டு. அதை நான் ஊழியம்னு ஒத்துக்க மாட்டேன், அந்த கைகளுக்கு அடுத்த வருஷம் என்ன ஆச்சுன்னு பாக்க அங்க ஆள் இருந்திருக்கணும்.

மாவு மூட்டை விஷயம், உங்க ஃப்ரெண்டு சொல்றதுல உண்மை இல்லாம இல்லை. 1991, 92 அங்க நிஜமாவே பட்டினி, இத்தாலி ராணுவம் வந்து நாடு முழுக்க சாப்பாடு விநியோகம் பண்ணுச்சு, கப்பல் கப்பலா ஜனங்க இத்தாலியோட பாரி துறைமுகத்துக்கு ஓடினாங்க. அந்த நேரத்துல சர்ச் பக்கம் போனா உதவி கிடைக்கும், விசா கிடைக்கும்னு போனவங்க இருந்திருப்பாங்க, பசிச்சவன் அப்படி போறதுல எனக்கு எந்த தப்பும் தெரியலை. அதை சாக்கா வச்சு பேரு எழுதிக்கிட்டவன் செஞ்சதுதான் தப்பு. ஆனா மாவுக்காக வந்தவன் மாவு நின்னதும் போயிருப்பான்ல? 1997-ல அதுக்கு சோதனை வந்துச்சு. சீட்டு கம்பெனி மாதிரி பிரமிட் திட்டங்கள் வரிசையா கவுந்து ஜனங்க சேமிப்பு மொத்தமா போச்சு, ராணுவ கிடங்கை உடைச்சு துப்பாக்கியை அள்ளிட்டு போனாங்க, தூதரகங்கள் தங்க ஆட்களை ஹெலிகாப்டர்ல ஏத்துனாங்க. மிஷனரிகள்லயும் பல பேர் கிளம்பிட்டாங்க. அப்ப சபைகளை நடத்துனது யாரு? இருபது, இருபத்தஞ்சு வயசு உள்ளூர் பசங்க, விசுவாசத்துக்கு வந்தே அஞ்சாறு வருஷம் ஆகியிருக்கும். தெருவுல துப்பாக்கி சத்தம், பாஸ்டர் ஊர்ல இல்லை, ஞாயித்துக்கிழமை யாரு ஜெபிக்கறது, யாரு பைபிளை தொறந்து பேசறதுன்னு அவங்களே முடிவெடுத்தாகணும். ரெண்டு வருஷம் கழிச்சு பக்கத்துல நடந்த கொசோவோ போர்ல நாலு லட்சத்துக்கும் மேல அகதிகள், பெரும்பாலும் முஸ்லிம்கள், எல்லையை தாண்டி வந்தப்ப அந்த சின்ன சபைகளும் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க சபைகளும் அவங்களை ஏத்துக்கிட்டு எடமும் சாப்பாடும் குடுத்தாங்க. ஐரோப்பாவுலயே ரொம்ப ஏழையா இருந்த நாடுகள்ல ஒண்ணு, தன்கிட்டயே இல்லாதப்ப குடுத்துச்சு. வாங்கிட்டு இருந்தவங்க குடுக்கறவங்களா மாறினது அப்பதான்.

சென்சஸ் கணக்கையும் பாத்துருவோம். 2011-ல கத்தோலிக்கர் நூத்துக்கு 10, 2023-ல 8 சொச்சம். ஆர்த்தடாக்ஸ் 6.75-ல இருந்து 7.2 (2011 கணக்கை அந்த சபை ஒத்துக்கவே இல்லை). நான் மேல சொன்ன சுவிசேஷ சபைகள் 0.14-ல இருந்து 0.4. ஆக "நாடே மாறிடுச்சு"ங்கறது நடக்காத விஷயம், அதை மேடையில சொல்லக்கூடாது. ஆனா அதே பட்டியல்ல முஸ்லிம்களும் 57-ல இருந்து 46 கிட்ட எறங்கியிருக்காங்க, எந்த மதம்னு சொல்லாம நம்பிக்கை மட்டும் உண்டுன்னு சொன்னவங்க 14 கிட்ட இருக்காங்க. அதை விட பெருசு, மொத்த ஜனத்தொகையே 28 லட்சத்துல இருந்து 24 லட்சமா ஆயிடுச்சு. இளவட்டம் எல்லாம் இத்தாலி, கிரீஸ், ஜெர்மனின்னு போய்க்கிட்டே இருக்கு. பத்து வருஷம் பாடுபட்டு ஒரு பையனை சபை நடத்துற அளவுக்கு வளத்து விட்டா அவன் மிலான்ல வேலைக்கு போயிடறான். அங்க சபைகளோட இன்னைய பெரிய கவலை இதுதான், இதுக்கு எந்த மேடை கூட்டமும் மருந்து இல்லை.

இப்ப உங்க கேள்வி. ரெண்டு வாரத்துக்குன்னா போகாதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. அந்த டிக்கெட் காசு மொத்தமும் சேந்தா ஒரு அல்பேனிய ஊழியரோட குடும்பத்துக்கு பல மாசம் ஓடும், அவர் பாஷை தெரிஞ்சவர், ஊரு தெரிஞ்சவர், ரெண்டு வாரம் முடிஞ்சும் அங்கயே இருப்பார். அங்க இருக்கற ஒரு உள்ளூர் சபையே உங்களை பேரு சொல்லி கூப்பிட்டு, இந்த வேலைக்கு ஆள் வேணும், ரெண்டு மூணு வருஷம் இருக்க முடியுமான்னு கேட்டா அது வேற விஷயம், அப்ப வீட்டுல பேசி முடிவெடுங்க. அதுவரைக்கும் டீம் லீடர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டு பாருங்க: நம்மளை அங்க யாரு கூப்பிட்டாங்க? பதில் என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா