நள்ளிரவில் மின்சாரம் வந்தால் எல்லா விளக்கும் எரிகிறதே?

கேள்வி: வீடு முழுக்க ஸ்மார்ட் பல்புகள் போட்டிருக்கிறோம். இரவில் மின்சாரம் போய்த் திரும்பினால், அணைத்துவைத்த விளக்குகள் எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிகின்றன. மாமியாருக்கு அதோடு தூக்கம் போய்விடுகிறது. கடைக்காரரோ, “ஸ்மார்ட் பல்பு என்றாலே அப்படித்தான்” என்கிறார். மாற்றித் தரச் சொல்லலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பழுது இல்லை. ஆனால் கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. நீங்கள் சுவிட்சைப் போட்டீர்களா, மின்வாரியம் மின்சாரத்தை விட்டதா என்று பல்புக்குத் தெரியாது. ஆப் வேலை செய்யாத நேரத்திலும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக, மின்சாரம் வந்ததும் எரியும்படிதான் பெரும்பாலான பல்புகளைத் தயாரித்து அனுப்புகிறார்கள்.

இதை மாற்றலாம். பிலிப்ஸ் ஹியூ பல்புகளுக்கே 2018 கடைசியில்தான் இந்த வசதி அப்டேட்டாக வந்தது. ஆப்பில் அந்தந்த பல்பின் செட்டிங்ஸைத் திறந்து ‘பவர் ஆன் பிஹேவியர்’ போன்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதில் ‘கடைசி நிலை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், அணைந்திருந்த விளக்கு அணைந்தே இருக்கும். சில பல்புகளில் இதே வசதிக்கு ‘டூ நாட் டிஸ்டர்ப்’ என்று பெயர். அதை இயக்கிவிட்டால், சுவிட்சை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டால்தான் விளக்கு எரியும். மாமியாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். சோதித்துப் பார்ப்பதைப் பகலிலேயே, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அப்டேட் செய்தும் அந்த வசதி வரவில்லையென்றால், அதற்காக மட்டும் வாரண்டியில் மாற்றித் தர மாட்டார்கள். பெட்டியிலோ விளம்பரத்திலோ அந்த வசதி உண்டு என்று போட்டிருந்தால் விஷயம் வேறு. பில்லோடு கடையில் கேளுங்கள்; மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கேள்வி: மின்சாரம் வந்த பிறகு பாதி பல்புகள் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகின்றன. ஒவ்வொரு முறையும் நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கிறேன். ஹப் மட்டமானதா?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் நீக்குவதை நிறுத்துங்கள். பல்பை நீக்கினால் அதற்கு நீங்கள் வைத்த நேர அமைப்புகளும் சேர்ந்து போய்விடும். ஹப் என்பது பல்புகளை ரவுட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி. ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் இயங்கும் ஹப், தன்னோடு இணைந்த பல்புகளின் விவரத்தை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் வைத்திருக்கிறது. பல்பு நொடியில் விழித்துவிடும். ஹப்புக்கும் ரவுட்டருக்கும் சில நிமிடங்கள் ஆகும். பத்து நிமிடம் கைவைக்காமல் இருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் ஹப்பின் பிளக்கை மட்டும் பிடுங்கிச் செருகுங்கள். பின்பக்கத்துச் சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தினால் பெரும்பாலும் எல்லாமே அழிந்துவிடும்; அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சுவர் சுவிட்சுகளையும் ஒரு சுற்று பாருங்கள். ஜிக்பீ பல்புகள் ஒன்றின் வழியாக ஒன்று செய்தியைக் கடத்துபவை. நடுக்கூடத்து பல்பை யாராவது சுவிட்சில் அணைத்திருந்தால், அதற்கு அப்பால் உள்ள மொட்டைமாடி விளக்கும் எட்டாமல் போகலாம்.

ஒரே ஒரு பல்பு மட்டும் வேகமாக மினுக்கிக்கொண்டிருந்தால் காரணம் வேறு. பல ரகங்களில், சுவிட்சைத் தொடர்ந்து சில முறை அணைத்துப் போடுவதுதான் ரீசெட் செய்யும் வழி. ஐகியா பல்புகளுக்கு ஆறு முறை; வேறு சிலவற்றுக்கு மூன்றே முறை. மழைக்காலத்தில் மின்சாரம் வெட்டி வெட்டி வரும்போது பல்பு அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு பழையதை எல்லாம் மறந்துவிடும். அந்த பல்பை மட்டும் மறுபடி சேர்க்கத்தான் வேண்டும். அடுத்த முறை அப்படி விட்டுவிட்டு வந்தால், மின்சாரம் நிலைக்கும்வரை மின்பெட்டியில் விளக்குகளுக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி வையுங்கள்.

ரவுட்டருக்கும் ஹப்புக்கும் ஒரு மினி யூபிஎஸ் வாங்குவது வீண் செலவில்லை. ஆனால் வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் படியுங்கள். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், ஹப் பலவும் 5 வோல்ட். பின் பொருந்துகிறது என்று 12 வோல்ட்டை ஹப்பில் செருகினால் அது புகைந்துபோகும்.

கேள்வி: புது வீட்டுக்கு ஸ்மார்ட் பல்பா, ஸ்மார்ட் சுவிட்சா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நிறம் மாற்றி ரசிக்க வேண்டிய ஓரிரு இடங்களுக்கு மட்டும் பல்பு, மற்றதெல்லாம் சுவிட்ச். நெட் இல்லாவிட்டாலும் விருந்தாளி வந்தாலும் சுவிட்ச் சுவிட்சாகவே வேலை செய்யும், சாதாரண எல்இடி பல்பே போதும். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகள் இயங்க நியூட்ரல் ஒயர் வேண்டும். அதனால் ஒயரிங் நடக்கும்போதே ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் ஒயர் இழுக்கச் சொல்லிவிடுங்கள். பிளக் பாயிண்ட் உள்ள பெட்டியில் அது எப்படியும் வந்துவிடும். மாடிப்படி விளக்கின் சுவிட்சில்தான் எலக்ட்ரீஷியன் விட்டுவிடுவார்.