கேள்வி–பதில்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு"

மே மாத மலர்க் காட்சிக்குப் போன கையோடு, பிள்ளை அடம்பிடித்தது என்று கினி பிக் வாங்கிய வீடுகளிலிருந்து ஆடி மழையில் கடிதம் வர ஆரம்பிக்கும். இந்த வருடமும் வந்திருக்கிறது. (கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

சனிக்கிழமை ஊட்டியில் ஒரு ஜோடி வாங்கினேன், 1,800 ரூபாய். திங்கள் காலையிலிருந்து ஒன்று எதையும் தொடவில்லை. முடி சிலிர்த்து மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. "புது இடம், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? — வாசகி, லவ்டேல்

கேட்கலாம், நாளைக்கு. இன்றைக்கு டாக்டரிடம் ஓடுங்கள். கினி பிக்கின் குடல் நிற்காமல் ஓடவேண்டிய அரவை மில். ஒரு பகல், ஒரு இரவு தீனி போகாவிட்டால் அது நின்றுபோகும், வயிறு உப்பும், உயிருக்கே ஆபத்து. புழுக்கை சிறுத்துக் காய்ந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். பருந்துக்கும் நரிக்கும் இரையாகும் பிராணி இது. நோவை வெளியே காட்டினால் பிடிபடும் என்று கடைசிவரை மறைக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று எல்லோரும் எழுதுவது அதனால்தான். நாய், மாடு மட்டும் பார்ப்பவரா, சிறு பிராணியும் பார்ப்பவரா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கடைக்காரர். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு இல்லையென்றால் 30 நாள் கணக்கு. (உயிரைப் பொருள் என்று எழுத எனக்கும் கூசுகிறது. சட்டத்தின் பாஷை அது.) 2018-இன் செல்லப்பிராணிக் கடை விதிகளில் கினி பிக் பெயர் சொல்லியே இருக்கிறது, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்த முடியாது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், முகம் மாறும். போனில் பணம் அனுப்பிய பதிவு, தேதியுள்ள டாக்டர் சீட்டு, இன்றே எடுத்த வீடியோ மூன்றும் கையில் இருக்கட்டும். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா.

மூக்கில் சளி. குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது. இரண்டு சொட்டு கொடுக்கலாமா? — கூடலூர்

கொடுத்தால் செத்துப்போகும். மிகைப்படுத்தவில்லை: பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் இதன் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டது பெருகி விஷமாகும். சிரப்பை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மூத்திரம் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. — குன்னூர்

சுண்ணாம்புச் சத்து. பயப்பட வேண்டாம். சிவப்பாகப் போனாலோ, போகும்போது கத்தினாலோ அன்றே டாக்டர்.

இரண்டு மாதமாகப் பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீனி) மட்டும்தான். "எல்லா விட்டமினும் இதுலயே இருக்கு" என்றார்கள். இப்போது நடக்கத் தயங்குகிறது, தூக்கினால் கத்துகிறது. — கோத்தகிரி

விட்டமின் சி குறைவாக இருக்கலாம். டாக்டர் பார்த்து உறுதி செய்யட்டும். நம்மைப் போலவே இதற்கும் அதைத் தானே உடம்பில் தயாரிக்க முடியாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்கர்வியை (விட்டமின் சி இல்லாமல் வரும் நோய்) ஆராய முடிந்ததே, தானியத்தை மட்டும் தின்ற கினி பிக்குகளுக்கு அந்த நோய் வந்ததால்தான். மூட்டு வீங்கும், ஈறு கசியும், முடி பரட்டையாகும்.

இனி என் பழைய வயிற்றெரிச்சல். பெல்லட்டில் விட்டமின் சி சேர்ப்பது உண்மை. ஆனால் வெளிச்சமும் ஈரமும் பட்டால் அது சிதையும். தயாரித்து 90 நாள் போனதை நம்பக்கூடாது என்பது வழக்கமான கணக்கு. நம் கடைகளில் என்ன நடக்கிறது? மூட்டையைப் பிரித்து, உள்ளே தெரிகிற பையில் அரை அரைக் கிலோவாகக் கட்டி, வெயில் படும் முகப்பில் தொங்கவிடுகிறார்கள். தயாரித்தவர் பெயர் இல்லை, மாதம் இல்லை, விலை இல்லை. 2011-இன் பொட்டலப் பொருள் விதிகள் இத்தனையும் கேட்கின்றன. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று டூரிஸ்ட் கார் டிக்கியைத் திறந்து பார்க்கிற மாவட்டத்தில் இந்தப் பை மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. தேதி எங்கே என்று ஒரு கடையில் கேட்டேன். "எலிக்கெல்லாம் தேதியா சார்?" என்றார். ஆமாம், எலிக்கும் தேதி வேண்டும்.

தண்ணீரில் விடுகிற விட்டமின் சொட்டும் வேண்டாம். நான் 350 ரூபாய் கொடுத்து வாங்கி மூன்று மாதம் விட்டவன். தண்ணீரில் அது சீக்கிரமே வீரியம் இழக்கிறது. போதாக்குறைக்கு ருசி பிடிக்காமல் என் ஆள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டான். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, எப்போதாவது ஒரு கீற்று கொய்யா. மற்றபடி நாள் முழுக்கப் புல். தேயிலைத் தோட்ட ஓரத்தில் அறுக்காதீர்கள், களைக்கொல்லி அடித்திருப்பார்கள்.

மகள் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் கூண்டு, ஓடுகிற சக்கரம், ஒரு கினி பிக், துணைக்கு ஒரு முயல். எல்லாம் சிட்-அவுட்டில். மூன்று வாரமாகத் தும்மல், கண்ணில் பீளை. நல்ல சொட்டு மருந்து பெயர் சொல்லுங்கள். — ஊட்டி

மூன்று வாரமா? மழைச்சாரல் அடிக்கிற சிட்-அவுட்டில்? முயலை ஒன்றும் செய்யாமல் அதன் மூக்கில் குடியிருக்கும் போர்டெடெல்லா கிருமி, கினி பிக்குக்கு நிமோனியா. சக்கரம் முதுகெலும்புக்குக் கேடு. வாங்கியதில் கூண்டு ஒன்றுதான் தேறும். சொட்டு மருந்து பெயர் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் போங்கள், முயலைத் தனியாக வையுங்கள்.

"ரெண்டும் பெட்டை" என்று சொல்லித் தந்தார்கள். ஒன்றுக்கு வயிறு பெருத்துக்கொண்டே போகிறது. — வெலிங்டன்

என்னிடமும் "அக்கா தங்கச்சி சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டு மாதத்தில் மூன்று குட்டி. தங்கச்சி ஆண். கர்ப்பம் 59 முதல் 72 நாள். ஆறேழு மாத வயதுக்கு மேல் முதல் பிரசவம் என்றால் இடுப்பெலும்பு இறுகிப்போய்க் குட்டி சிக்கும்; உடனே காட்டுங்கள். ஆணை இன்றே பிரியுங்கள், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினையாக்கிவிடும்.

ஒரே ஒரு பொருள் வாங்குவதென்றால் எதை வாங்க? — கொடைக்கானல்

சமையலறைத் தராசு, கிராம் காட்டுவது. வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஒரு கிண்ணத்தில் உட்காரவைத்து எழுதுங்கள். தங்கச்சியின் நோட்டு இப்போது முன்னால் இருக்கிறது. ஜூன் 2: 912. ஜூன் 9: 908. ஜூன் 16: 861. அன்று காலையும் கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டு விசிலடித்தான், ஓடி வந்தான், வாயிலும் கவ்வினான். மெல்லாமல் கீழே போட்டான். டாக்டர் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார்: கீழ்க் கடைவாய்ப்பல் வளர்ந்து, வளைந்து, நாக்கின் மேல் சாய்ந்திருந்தது.